இருபத்திரண்டு பேரும் விட்ட ஒரே பிழை

போன மாதம் தலைக்கு மை பூசிக்கொள்ளப் போனேன். சிரிக்காதீர்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகும் இளம் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டிய தொழில் எனக்கு. வெள்ளவத்தையில் புதிதாகத் திறந்த ஓர் அழகு நிலையம். அங்கிருந்த பெண் கிண்ணத்தில் மையைக் குழைத்து என் வகிட்டில் வைத்தாளோ இல்லையோ, சுரீரென்று ஒரு நெடி மூக்கில் ஏறியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். "எரியுதா அன்ரி?" என்று பயந்துபோனாள். எரியவில்லை என்றேன். அவளுக்கு என்னத்தை விளக்குவது? அந்த ஒரு மூச்சில் நான் இருபது வருடத்துக்கு மேல் பின்னால் போய், மட்டக்களப்பு நகரத்தில் ஹனிபா காக்காவின் பிரிண்ட் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மோனியா பிரிண்ட் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளங்காது. மெல்லிய ட்ரேசிங் தாளில் மையால் கீறிய வீட்டுப் படத்தை, மருந்து பூசிய இன்னொரு தாளோடு சேர்த்து யந்திரத்துக்குள் விடுவார்கள். மற்றப் பக்கத்தால் அதே படம் நீலக் கோடுகளாக, வெதுவெதுப்பாக, நாற்றத்தோடு வந்து விழும். ஹனிபா காக்கா ஏறாவூர்க்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். நாள் முழுக்க அந்த ஆவிக்குள் நின்று நின்று அவருடைய கண்கள் எப்போதும் சிவந்து கலங்கியே இருக்கும். முதல் நாள் நான், பாவம் மனிதருக்கு வீட்டில் ஏதோ கவலை என்று நினைத்து மெதுவாக விசாரித்தேன். "ஊட்டில ஒரு குறையும் இல்ல மிஸ். இந்த மெசின்தான் என்ன அழ வெக்கிற" என்றார். ஒவ்வொரு பிரிண்டையும் சுருட்டித் தரும்போது தவறாமல் ஒன்று சொல்வார்: வெயில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள், கோடெல்லாம் வெளுத்துப் போய்விடும். இந்தப் புத்திமதியை நீங்கள் ஞாபகத்தில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

நான் ஏன் மட்டக்களப்புக்குப் போனேன் என்று சொல்ல வேண்டும். வாடகை வீடுகளில் வளர்ந்தவள் நான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு வீடு. எல்லா வீட்டுக்காரரும் அம்மாவிடம் முதலில் சொல்வது ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சாமி படங்கள்கூட எங்கள் வீட்டில் மேசை மேல் சுவரோடு சாய்ந்துதான் நின்றன. ஆணி அடிக்க முடியாத ஆத்திரமோ என்னவோ, வளர்ந்ததும் உள்ளகக் கட்டடக்கலை படிக்கப் போனேன். வீட்டின் வெளிப்புறத்தை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும். உள்ளே மனிதர் எதை எங்கே வைக்கிறார்கள், ஏன் அங்கே வைக்கிறார்கள், நூறு வருடத்துக்கு முன் எங்கே வைத்தார்கள் என்பதுதான் என் பாடம். அம்மாவுக்கு இதைச் சொந்தக்காரருக்கு விளக்குவது பெரும்பாடு. "யன்னலுக்குக் கேர்ட்டின் போடுறதைப் பற்றிப் படிக்கிறாள்" என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவா.

வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியபோது என்னிடம் ஒரு பட்டமும் ஒரு பெட்டி சிவப்புப் பென்சிலும் இருந்தன. சாதாரணப் பென்சில் அல்ல. தடித்தது, மெழுகு கலந்தது. எத்தனை வருடம் வெயிலில் கிடந்தாலும் நிறம் மங்காது என்று பெட்டியில் எழுதியிருந்தது. மாணவர்களின் படங்களைத் திருத்துவதற்கென்றே வாங்கியது. திருத்துவதற்கு இன்னும் ஒரு மாணவர்கூடக் கிடைக்கவில்லை, பென்சில் மட்டும் வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆள் நான்.

போர்நிறுத்தம் வந்த சமாதான காலம் அது. பாதை திறந்திருந்தது. மட்டக்களப்பில் விரிவுரையாளர் வேலை என்று விளம்பரம் வந்ததும் விண்ணப்பித்தேன். போன முதல் மாதமே, யார் சொன்னார்களோ தெரியாது, எனக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. "கேர்ட்டின் மிஸ்." அம்மாவே கடிதம் எழுதிப் போட்டிருப்பாவோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

முதல் விரிவுரையில் ஒரு வித்தை காட்டினேன். அதை இன்றுவரை எல்லா வகுப்பிலும் காட்டுகிறேன். ஒரு வீட்டைக் கற்பனை செய்யச் சொல்வேன். உள்ளே இருக்கிறதைச் சொல்லுங்கள் என்பேன். மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், விறாந்தை, குசினி என்று அடுக்குவார்கள். "இந்தச் சொல்லெல்லாம் போர்த்துக்கேயன் விட்டுட்டுப் போனது. இப்ப ஒவ்வொண்டா வெளியில எடுங்கோ" என்பேன். எடுத்தால் வீடு வெறிச்சென்று போகும். உட்கார இடமில்லை, சமைக்க இடமில்லை, காற்று வர வழியில்லை. கக்கூசாவது மிஞ்சுமா என்று பின்வரிசையில் இருந்து ஒருவன் கேட்டான். அது ஒல்லாந்தனுடையது என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கேட்டவன் பெயர் நிரோஷன். நேர்கோடு கீறத் தெரியாத பிள்ளை. அடிமட்டம் வைத்துக் கீறினாலும் அவனுடைய கோடு கொஞ்சம் வளைந்துதான் போகும், எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாம் வருட மாணவர் இருபத்திரண்டு பேருக்கும் ஒரு பெரிய வேலை கொடுத்தேன். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் துண்டில் ஆளுக்கு ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உட்புறத்தை அங்குலம் அங்குலமாக அளந்து கீற வேண்டும். தளபாடம் மட்டுமல்ல, சட்டி பானை, தூக்கிய உறி, செருகிய சீப்பு எல்லாம். படத்தின் கீழ் மூலையில் நானே தயாரித்த ஒரு பெட்டி இருக்கும். ஊர், அளந்த நாள், அளவுத்திட்டம், வீட்டுத் தலைவர் பெயர். வெளிநாட்டில் நான் படித்த இடத்துப் படிவம்தான். தமிழில் மாற்றினேனே தவிர, யோசித்து மாற்றவில்லை.

சுகந்தினி என்று களுவாஞ்சிக்குடிப் பிள்ளை ஒருத்தி, அந்த மணல் துண்டிலேயே அறை எடுத்துத் தங்கிப் படித்தாள். அவள் அளந்தது தங்கேஸ்வரி அக்காவின் வீட்டை. மூன்று பெண் பிள்ளைகளின் தாய். வாவியில் இறால் பிடிக்கிற செல்லத்தம்பி அண்ணனின் மனைவி. நானும் ஒரு நாள் மேற்பார்வைக்கு என்று போயிருந்தேன். நல்ல கல்வீடு. பெரிய அறையில் பெரிய கட்டில், பூட்டிய அலுமாரி, கண்ணாடிக்குள் அடுக்கிய பீங்கான். ஒருவரும் அதில் படுப்பதில்லை, ஒருவரும் அதில் சாப்பிடுவதில்லை. குடும்பம் முழுக்க விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தது. வளவின் பின்பக்கத்தில் ஒரு சிறு மண்வீடு அரைவாசி எழும்பி நின்றது. அது யாருக்கு என்று கேட்டேன். "எங்களுக்குத்தான் மிஸ். மூத்தவள் கலியாணம் முடிச்சாப் பெரிய ஊடு அவளுக்கு. மறுகா நாங்க இதுக்குள்ள" என்றா தங்கேஸ்வரி அக்கா. நான் தலையாட்டிக்கொண்டே கட்டிலின் நீளத்தை அளந்தேன். கேட்ட கேள்விக்கு வந்த பதில் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

புறப்படும்போது அந்த அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டா. "மிஸ், உங்கட அம்மா உங்களுக்கு எங்க ஊடு கட்டி வெச்சிரிக்கா?" எனக்கு வீடு இல்லை, நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம் என்றேன். ஐயோ பாவம் என்று அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இவ்வளவு படித்தும் என்ன பயன் என்ற பார்வை அது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

படங்கள் எல்லாம் ஹனிபா காக்காவின் கடையில் பிரிண்ட் ஆகி என்னிடம் வந்தன. ட்ரேசிங் மூலப்படம் மாணவர் கையில், நீலப் பிரதி என் கையில். பிளாஸ்டிக் குழாய்க்குள் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு திரும்புகையில் சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்கள். குழாய் நீளமானது, துப்பாக்கி மாதிரி. அதைவிட உள்ளே இருந்தது இன்னும் மோசம்: வீட்டு வரைபடங்கள், அளவுகளோடு. சின்ன வயதுச் சிங்களச் சிப்பாய், ஒரு படத்தை விரித்து மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு விரலை வைத்து "ஜனேலய?" என்றான். ஓம், யன்னல் என்றேன். "மேசய?" ஓம், மேசை. "அல்மாரிய?" ஓம். பிறகு படம் முழுக்கத் தேடிவிட்டு, மிகுந்த கவலையோடு, "குஸ்ஸிய கோ?" என்றான். குசினி எங்கே? பார்த்தால் உண்மையிலேயே குசினி இல்லை. நிரோஷனின் படம். குசினியை மறந்துபோனான். இரண்டு பாஷைக்கும் ஒரே சொல்லைத் தந்த போர்த்துக்கேயனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு அறைக்கு வந்து, நிரோஷனுக்குக் குசினிக்கென்று தனியாகப் புள்ளி குறைத்தேன்.

தனியாக என்று சொன்னது ஏனென்றால், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குறைப்பு இருந்தது. திருத்த உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். வீட்டுத் தலைவர் பெயர் என்ற இடத்தில் சுகந்தினி "தங்கேஸ்வரி" என்று எழுதியிருந்தாள். அடுத்த படத்தில் ஒரு பெண் பெயர். அதற்கடுத்ததிலும். இருபத்திரண்டு படங்களிலும் பெண்கள்! ஏறாவூரிலிருந்து வந்த முஸ்லிம் மாணவி ஒருத்தி அளந்த வீட்டிலும் அப்படித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்கிறார்கள். புத்தம்புதுச் சிவப்புப் பென்சிலைச் சீவினேன். ஒவ்வொரு படத்தின் மூலையிலும், பெரிய எழுத்தில், "வீட்டுத் தலைவர் பெயர் தவறு. ஐந்து புள்ளி குறைக்கப்பட்டது" என்று எழுதிக் கீழே கோடும் இழுத்தேன். திருப்தியாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வகுப்பில் சுகந்தினி எழும்பி நின்றாள். "ஊடு அவடதானே மிஸ். வேற யார்ர பேர எழுதிற?" என்றாள். படிவத்தில் என்ன கேட்டிருக்கிறதோ அதற்குப் பதில் எழுதப் பழகுங்கள் என்று ஒரு பிரசங்கம் செய்து அவளை உட்கார வைத்தேன். படங்களைப் பார்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்கியபோது நிரோஷன் என் சிவப்பு எழுத்துக்குக் கீழே பென்சிலால் சின்னதாக ஒரு வரி எழுதியிருந்தான். "மிஸ், அந்த அம்மாட்டக் கேட்டுத்தான் எழுதின." வாய்க்காரப் பிள்ளை என்று சிரித்துவிட்டுக் குழாயை அலுமாரிக்கு மேலே போட்டேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, மறுநாள். நான் விடுமுறைக்குக் கொழும்பில் இருந்தேன். கடல் வந்ததைப் பற்றி எனக்கு எழுத வராது, கண்டவர்கள் எழுதட்டும். நான் திரும்பி வந்தபோது அந்த மணல் துண்டில் வீடுகள் இல்லை. அத்திவாரங்கள் மட்டும், படத்தில் கீறியது மாதிரி, தரையோடு தரையாகக் கிடந்தன. வகுப்பில் இருபத்தொரு பேர் இருந்தார்கள். நிரோஷன் இல்லை. அவன் பெயரைக் கூப்பிடாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கூப்பிட்டேன். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

சுகந்தினி களுவாஞ்சிக்குடியில் தாய் வீட்டில் இருந்ததால் தப்பினாள். அவள் தங்கியிருந்த அறையும் ட்ரேசிங் தாள்கள் வைத்திருந்த பெட்டியும் போய்விட்டன. தங்கேஸ்வரி அக்கா குடும்பத்தைக் காப்பாற்றியது கலியாணம். மூத்தவள் வசந்திக்கு மண்டூரில் மாப்பிள்ளை சரிவந்து, நாள் வைக்கக் குடும்பத்தோடு முதல் நாளே ஓடத்தில் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது சீதனமாகக் கொடுக்க இருந்த வீட்டில் ஒரு கதவுநிலைகூட இல்லை.

சில மாதங்களில் வாவி ஓரமாக, கடலிலிருந்து தள்ளிப் புதிய வீடுகள் எழும்பத் தொடங்கின. கட்டிக் கொடுத்த நிறுவனம் என்னையும் ஆலோசனைக்குக் கூப்பிட்டது. நான் அளவுநாடாவோடு போனேன். அவர்கள் கேர்ட்டின் நிறம் கேட்டார்கள். விதி! குசினியை வீட்டுக்குள்ளே வைக்காதீர்கள், புகை வேண்டாம் என்று இவர்கள் வெளியில்தான் சமைப்பார்கள் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கட்டிய பிறகு பார்த்தால் குசினி உள்ளேதான் இருந்தது. சனம் அதற்குள் சைக்கிளை வைத்துப் பூட்டிவிட்டு வெளியில் அடுப்பு மூட்டியது.

ஒரு நாள் காலை சுகந்தினி தங்கேஸ்வரி அக்காவைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அக்கா கதிரையில் உட்காரவே இல்லை. வீடு கிடைக்கிறது, ஆனால் பட்டியலில் குடும்பத் தலைவர் என்று செல்லத்தம்பி அண்ணனின் பெயர் போட்டிருக்கிறார்களாம். மண்டூருக்கு அந்தக் கதை போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய் ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறா, வீடு பெண்ணின் தாயின் பெயரில் வரட்டும், மறுகா கலியாணத்தைப் பார்ப்போம் என்று. அக்காவின் பழைய வீடு தாய் அவவுக்கு வாய்ச்சொல்லால் கொடுத்தது, உறுதிப் பத்திரம் எழுதவில்லை. அவவுடையதுதான் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. வெள்ளிக்கிழமை பட்டியல் மேலிடத்துக்குப் போகிறது. அன்று புதன்கிழமை.

"இந்தப் புள்ள எங்கட ஊட்டப் படம் கீறிச்சே மிஸ். என்ட பேர்தானே எழுதின. அது இரிக்கா?" என்று கேட்டா அக்கா. அது இருந்தது. அதோடு என் சிவப்பு எழுத்தும் இருந்தது.

அவர்களை அனுப்பிவிட்டு அறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். அந்த நெடி குப்பென்று வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது அதனால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். கட்டில், அலுமாரி, பீங்கான், உறி, ஒன்றும் குறையாமல் முழு வீடும் அந்தத் தாளில் இருந்தது. மூலையில் தங்கேஸ்வரி. அதற்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் "பெயர் தவறு." அழிறப்பரால் அழித்துப் பார்த்தேன். அசையவில்லை. பேக்கரிப் பாண் துண்டை உருட்டித் தேய்த்தால் போகும் என்று படித்த ஞாபகம். ஒரு றாத்தல் பாணில் பாதியைத் தேய்த்தேன். பாண் சிவந்தது, எழுத்து குறையவில்லை. பிளேட் எடுத்தேன், தாள் கிழிந்துவிடும் என்று வைத்துவிட்டேன். பெட்டியில் எழுதியிருந்தது பொய்யில்லை. நல்ல பென்சில்.

அடுத்த நாள் சுகந்தினியிடம் பாண் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு படத்தை மட்டும் கொண்டுபோக வேண்டாம், இருபத்திரண்டையும் கொண்டுபோவோம் என்றாள். ஏன் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. குழாயை அவளே தூக்கிக்கொண்டாள்.

பட்டியல் போட்ட அதிகாரி கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் பையன், மரியாதையான பிள்ளை. நாங்கள் போனபோது செல்லத்தம்பி அண்ணனுக்கு முன்னால் படிவத்தை வைத்துக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், படிவம் கையில் ஒட்டிவிடும் என்று பயந்தவர் மாதிரி. மனைவிக்குப் பயந்து மறுக்கிறாரோ என்று நினைத்து, தனியாக வந்து கதையுங்கள் என்று அந்தப் பிள்ளை கூப்பிட்டான். அண்ணன் நின்ற இடத்திலிருந்தே சொன்னார். "நான் இந்த ஊட்டுக்குக் கலியாணம் முடிச்சு வந்தவன் தம்பி. வந்தவன்ட பேரில ஊட்ட எழுதினா ஊரில என்ன கதைப்பாங்க? என்ட மகளுக்கு நான் என்னத்தக் குடுக்கிற?"

அரைவாசி எழும்பி நின்ற அந்த மண்வீடும், ஒருவரும் படுக்காத கட்டிலும் அப்போதுதான் என் மண்டைக்குள் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. தாய் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுச் சின்ன வீட்டுக்கு நகர்கிறாள். அடுத்தவளுக்கு இன்னொன்று கட்டுகிறாள். ஆண் வருகிறவன். வீட்டுக்குத் தலை என்று ஒன்று உண்டென்றால் அது பெண். உள்ளகம் என்று இரண்டு பட்டம் வாங்கியவளுக்கு உள்ளே நடந்தது தெரியவில்லை. இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. வெட்கத்தில் காது சுட்டது எனக்கு.

சுகந்தினி படங்களை மேசையில் விரித்தாள். அதிகாரி தங்கேஸ்வரி அக்காவின் படத்தைத்தான் முதலில் எடுத்தான். படித்தான். "மிஸ், பெயர் பிழை எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்களே?" என்றான். அக்கா என் முகத்தைப் பார்த்தா. அவவுக்கு இந்தச் சிவப்பைப் பற்றித் தெரியாது, நான் சொல்லவில்லை. "பிழை விட்டது நான். அவையள் சரியாத்தான் எழுதினவை" என்றேன். அவன் அடுத்த படத்தை எடுத்தான். அதிலும் ஒரு பெண். அதிலும் சிவப்பு. ஒவ்வொன்றாகப் புரட்டினான். நிரோஷனின் வளைந்த கோடுகளில் வந்து நின்று, கீழே இருந்த பென்சில் வரியை வாய்விட்டே படித்தான். இந்தப் பிள்ளை யார் என்று கேட்டான். சுகந்தினிதான் பதில் சொன்னாள், இரண்டு சொல்லில்.

அவன் படங்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னான். "இந்தச் சிவப்பு இல்லாட்டி நான் நம்பியிருக்க மாட்டன் மிஸ். வீடு போன பிறகு உதவி செய்ய வேணும் எண்டு பிள்ளைகளைக் கொண்டு நீங்க எழுதுவிச்சது எண்டுதான் நினைச்சிருப்பன். கடல் வர முதலே பிழை எண்டு சொல்லிப் புள்ளி வெட்டின ஆள் பொய்ச்சாட்சி சொல்ல ஏலாதே."

பாணால் தேய்த்ததை நினைத்துக்கொண்டேன். ஒரு றாத்தலையும் தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆனாலும் அவனுக்குக் கடிதம் வேண்டியிருந்தது. அந்த மேசையிலேயே இருந்து, "எனது மதிப்பீடு தவறானது, மாணவர் இருபத்திரண்டு பேரும் எழுதியதே சரி" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆய்வுகளிலெல்லாம் பயன்பட்டது அந்த ஒரு வரிதான். வெள்ளிக்கிழமை போன பட்டியலில், எங்களிடம் படம் இருந்த குடும்பங்கள் எல்லாவற்றிலும், பெண்களின் பெயர் இருந்தது. செல்லத்தம்பி அண்ணன் அன்றைக்குத்தான் கையை முன்னால் விட்டார்.

வசந்தியின் கலியாணம் புது வீட்டில் நடந்தது. சாமான் எதுவும் இல்லாத வீடு. அலுமாரி இல்லை, கட்டில் இல்லை. போர்த்துக்கேயன் வருமுன் இருந்த வீடு மாதிரி. சுவரில் மாட்டவாவது ஏதும் வேண்டும் என்று, பழைய வீட்டின் படத்தைத் தர முடியுமா என்று கேட்டா அக்கா. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். "நீங்களே அடிங்க மிஸ்" என்று சுத்தியலை என் கையில் தந்தா. முப்பது வயதில், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு சுவரில் ஆணி அடித்தேன். நல்ல வெளிச்சமான இடமாகப் பார்த்து, கிழக்கு யன்னலுக்கு எதிரே. பாடம் படிப்பிக்கிறவளுக்கு வெளிச்சம் எங்கே விழும் என்று தெரியாதா!

பிறகு சண்டை திரும்ப வந்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து சனம் மூட்டை முடிச்சோடு ஓடிவந்தது. வசந்தியின் மாமியாரும் மண்டூரிலிருந்து வந்து அந்த வீட்டில் மாதக்கணக்கில் இருந்தா. தாயின் பெயரில் வரட்டும் என்று கறாராகச் சொன்னவவுக்கு அந்த வீடே நிழல் கொடுத்தது என்று தங்கேஸ்வரி அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. சண்டை முடிந்த வருடம் எனக்குக் கொழும்புக்கு மாற்றம் கிடைத்தது. சுகந்தினி இப்போது நான் இருந்த அதே அறையில் விரிவுரையாளர். அந்த ஐந்து புள்ளியைத் திருப்பிக் கொடுக்க நான் எவ்வளவோ முயன்றேன். பெறுபேறு வெளியான பிறகு மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். இன்றைக்கும் தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி, "மிஸ், என்ட அஞ்சு புள்ளி?"

மை காய்கிற வரைக்கும் இதெல்லாம் ஓடியது. தலையைக் கழுவிக்கொண்டு வந்து அந்தக் கிழமையே மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினேன். ஹனிபா காக்காவின் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். காக்கா மௌத்தாகி, அடக்கம் செய்து பல வருடம் என்றார்கள். ட்ரேசிங் தாள் கேட்டால் கடைக்காரப் பிள்ளைக்கு அது என்னவென்றே தெரியவில்லை. சோதனைச் சாவடி இருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். மற்ற இருபத்தொரு படங்களையும் அந்த அதிகாரியின் அலுவலகம் அப்போதே கோப்பில் போட வாங்கிக்கொண்டது. அலுவலகம் மூடியபோது கோப்பு எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. வரலாறு படிப்பிக்கிறவளுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. நிரோஷனின் வளைந்த கோடும் குசினி இல்லாத வீடும் அதோடு போயிற்று. அதற்கு மட்டும் என்னை நான் மன்னிக்கவில்லை.

தங்கேஸ்வரி அக்கா அதே வளவில், பின்பக்கச் சின்ன வீட்டில் இருக்கிறா. என்னைக் கண்டதும் பெரிய வீட்டுக்குக் கூட்டிப் போனா. ஆணி நான் அடித்த இடத்திலேயே இருந்தது. சட்டமும் இருந்தது. கண்ணாடிக்குள் பார்த்தேன். வெறுந்தாள். இத்தனை வருடக் காலை வெயிலில் சுவரில்லை, கட்டிலில்லை, பீங்கானில்லை, உறியில்லை. மூலையில் தங்கேஸ்வரி என்ற பெயர்கூட இல்லை. ஹனிபா காக்கா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாரே! தாளின் மூலையில், நேற்று எழுதினது மாதிரி பளிச்சென்று, என் சிவப்பு எழுத்து மட்டும்: வீட்டுத் தலைவர் பெயர் தவறு.

வெட்கம் தாங்காமல் கழற்றுவதற்குக் கையை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"ஊடு கடலோட போன. கோடு வெயிலோட போன. உங்கட பிழை மட்டும் அப்படியே இரிக்கி. கிடக்கட்டும் மிஸ், அதாலதானே இந்த ஊடு."